அறை இல்லை

ஹோட்டல்களைப் பற்றிய புகார்களை யாரும் விசாரத்துக்குரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. மூட்டைப்பூச்சி, முந்தின ஆளின் தலையெண்ணெய் ஏறிய தலையணை உறை, தாழ்ப்பாள் விழாத குளியலறை, அடுத்த அறையில் விடிய விடியச் சீட்டாட்டம், காலையில் பில்லில் முளைத்திருக்கும் புதுத் தொகை எல்லாம் ஊர் திரும்பியவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கிற சரக்கு. சிரிக்காதவன் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். 1986இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. 2019இல் அது புதுப்பிக்கப்பட்டும் விட்டது. கொடுத்த காசுக்குக் கிடைக்காத சௌகரியம் என்பது கணக்குப் பிரச்னை. கணக்கில் தீர்ந்துவிடும்.

கணக்கில் தீராத புகார் ஒன்று உண்டு. அது அறைக்குள் நேர்ந்ததைப் பற்றியதல்ல, அறையே கிடைக்காமற் போனதைப் பற்றியது. காசு கையில் இருக்கிறது, அறையும் காலியாக இருக்கிறது, ஆனாலும் இல்லை என்று சொல்லப்படுகிறது. இந்த அனுபவத்தை மூட்டைப்பூச்சியோடு சேர்த்துப் பேசுவது இரண்டையும் புரிந்துகொள்ளாமல் பேசுவதாகும். முன்னதில் அறையின் தரம் மதிப்பிடப்படுகிறது. பின்னதில் வந்தவன் மதிப்பிடப்படுகிறான். மதிப்பிடுகிறவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரை நிமிஷத்தில் அதை முடித்துவிடுகிறார்.

இதைக் கடப்பாக்கத்திலிருந்து யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வூர் இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அந்தப் பாட்டு 269 அடியில் ஒரு வழிப்போக்கனுக்கு வழி சொல்கிறது. எந்த ஊரில் யார் எதைத் தருவார்கள் என்பதுதான் அந்த வழியின் விவரம். கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீனும் கள்ளும். முல்லை நிலத்து வேலூரில் புளியிட்ட சோறும் காட்டுப் பசுவின் இறைச்சியும். வயலூரான ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். நிலம் மாற உணவு மாறுகிறது. நீ யார் என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுவதில்லை. இந்தக் கரையில் பிறந்த மிகப் பழைய எழுத்து, தங்குமிடமும் சாப்பாடும் பற்றிய எழுத்து என்பதை நம் பண்டிதர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தமிழரின் விருந்தோம்பல் என்று ஒரு பிரசங்கமும் தொடரும்.

பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பாட்டைப் பார்க்கலாம். பாணன் சும்மா சாப்பிடவில்லை, பாடிச் சாப்பிடுகிறான். புகழ்தான் அவன் தருகிற வாடகை. நல்லியக்கோடனின் வாசல் மூடாத வாசல் என்று கவிஞர் சொல்கிறார். ஆனால் யாருக்கு மூடாதது என்று கூடவே ஒரு ஜாபிதாவும் தருகிறார். பொருநர், புலவர், மறையோதும் அந்தணர். மூடாத வாசலுக்கு ஜாபிதா எதற்கு? பாட்டில் மூடிய கதவு ஒன்றும் வருகிறது. அது வள்ளலுடையதல்ல, பாணனுடையது. உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்த குப்பைக்கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்து தின்னும்போது, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுச் சாத்திய கதவு. கொடுப்பவனின் வாசல் திறந்திருப்பது புகழ். இல்லாதவன் கதவு மூடியிருப்பது மானம். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தவருக்கு விருந்தோம்பலின் மறுபக்கமும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்தில் அது ஒரு இலக்கிய வகைக்கே பெயர். விருந்தாளி என்றால் புதிதாக வந்தவன், முன்பின் தெரியாதவன். வள்ளுவர் இல்லறத்தானுக்கு வைத்த ஐந்து கடமைகளில் விருந்தும் சுற்றமும் தனித்தனியாக இருக்கின்றன. அதிதி என்ற வடசொல்லும் திதி பார்க்காமல் வருகிறவனையே குறிப்பதாகச் சொல்வார்கள். நாளடைவில் நாம் மாமனையும் மச்சானையும் விருந்தாளி ஆக்கிக்கொண்டோம். தெரிந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் தெரியாதவனுக்குப் போட்ட புண்ணியத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் சாமர்த்தியம் இது. தெரியாதவனை யாரிடம் விட்டோம்? முதலில் சத்திரத்திடம், பிறகு ஹோட்டலிடம்.

சத்திரம் பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. தஞ்சை சரபோஜி 1801இல் கம்பெனியின் பிரதிநிதிக்குத் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமணன் முதல் பறையன் வரை எல்லாப் பிரயாணிகளுக்கும் அன்னம் உண்டு, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே தரப்படும், நோயுற்றவனுக்கு வைத்தியம் உண்டு, சத்திரத்தில் இறந்துபோகிறவனுக்கு அவன் சாதி முறைப்படி ஈமக்கடன் உண்டு என்று விவரம் போகிறது. வழிப்போக்கன் செத்துப்போகலாம் என்பதை முன்கூட்டியே யோசித்து ஏற்பாடு செய்த தர்மம் அது. இதைப் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்வேன். ஆனால் அதே ஏற்பாட்டுக்கு வந்தவன் என்ன சாதி என்பது தெரிந்தாக வேண்டும். சோற்றுக்கும் சாவுக்கும் அது தேவைப்பட்டது. தர்மம் எல்லோருக்கும் கொடுத்தது. கொடுக்குமுன் யாரென்று கேட்டது.

இந்தக் கேள்வியிலிருந்து மனிதனை விடுவிக்கக் காசால் முடியும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கும் அந்த நம்பிக்கையில் மரியாதை உண்டு. தர்மத்தை இகழ்ந்து வியாபாரத்தைப் புகழ்வதாக நண்பர்கள் கோபிக்கலாம். வாடகை கொடுத்தவன் பாட வேண்டியதில்லை, நன்றியோடு இருக்க வேண்டியதில்லை, கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் அவர் அரசியலைக் கேட்க வேண்டியதில்லை. காலையில் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். ரூபாய்க்கு முகம் கிடையாது. ஆகவே கொடுத்தவன் முகத்தையும் அது கேட்காது. ஹோட்டல் என்ற ஸ்தாபனத்தின் தார்மீக சாத்தியம் இந்த முகமின்மையில்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில், ஒரே விலைக்கு ஒரே சாப்பாடு வாங்குகிறவர்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் நின்றது. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. ஹோட்டல்களில் பாகுபாடு கூடாதென்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பெயர் சொல்லியே எழுதி ஏழு வருஷம் ஆகியிருந்தது. காசுக்கு முகம் இல்லை என்றால், கல்லாவில் இருப்பவருக்குக் கண் இருந்தது.

தங்க இடம் தேடியதில் இருபதாம் நூற்றாண்டின் நமது மிக முக்கியமான அனுபவம் 1917இல் பரோடாவில் நிகழ்ந்தது. கொலம்பியாவில் படித்துத் திரும்பி சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த அம்பேத்கருக்கு இந்து ஹோட்டல்களில் இடம் கிடைக்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். உடைந்த சாமான்கள் குவிந்த, இருட்டான, வௌவால்கள் பறக்கும் மாடிக்கூடம். பதினோராம் நாள் காலை, தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அவர் இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்டார். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அம்பேத்கர் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார், புலம்பல் இல்லாமல்.

இரண்டு நண்பர்களும் சொன்ன பதில்களைக் கவனிக்க வேண்டும். எனக்கு ஆட்சேபணை என்று இருவரும் சொல்லவில்லை. ஒருவருக்கு வேலைக்காரர்கள், இன்னொருவருக்கு மனைவி. மறுப்பு எப்போதும் வேறு யாருடைய பெயரிலாவதுதான் வருகிறது. 1893இல் பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்ற விடுதிக்காரர், மற்ற விருந்தினர் கோபிப்பார்கள் என்று அஞ்சி, காந்தியை அறையிலேயே சாப்பிடச் சொன்னார். பிறகு அவருக்கே கூச்சமாகி அந்த மற்ற விருந்தினரைக் கேட்டுப் பார்த்தார். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். காந்தி சாப்பாட்டு அறைக்கு வந்தார். கேட்டுப் பார்த்தவர் ஜான்ஸ்டன் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்காமலே, இல்லாத ஒரு ஜனத்தின் வெறுப்பைத் தங்கள் வெறுப்புக்கு ஜாமீனாக நிறுத்தினார்கள். கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை 1943இல் லண்டன் இம்பீரியல் ஹோட்டல் வெளியேற்றியபோது அமெரிக்க சோல்ஜர்கள் காரணமாக்கப்பட்டார்கள். மறு வருஷம் நீதிமன்றம் ஐந்து கினி நஷ்ட ஈடு தந்தது. தகுந்த காரணமின்றி வழிப்போக்கனைத் திருப்பியனுப்ப விடுதிக்காரனுக்கு உரிமை இல்லை என்ற பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம்.

பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில் காந்தி ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய ஹோட்டல் ஒன்றில் இடம் கேட்டார். நிர்வாகி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, வருந்துகிறேன், எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன என்றார். என் கேள்வியெல்லாம் இந்தப் பொய்யைப் பற்றியதுதான். இனவெறி சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டு நடந்த தேசம் அது. உனக்குத் தரமாட்டேன் என்று அவர் பச்சையாகச் சொல்லியிருக்கலாம், யாரும் தண்டித்திருக்க மாட்டார்கள். ஏன் பொய் சொன்னார்? நாகரிகம் என்பார்கள். நாகரிகம் ஏன் இந்த வடிவத்தை எடுக்கிறது? இடமில்லை என்பது மட்டுமே வழிப்போக்கனிடம் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே காரணம் என்பது, அதைப் பொய்யாகச் சொல்கிறவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆளைப் பற்றிய தீர்ப்பை இடத்தைப் பற்றிய தகவலாக வேஷம் போட்டு அனுப்புகிறார். பொய் இங்கே தன்னையறியாமல் உண்மைக்குச் சாட்சி சொல்கிறது.

இடத்தைப் பற்றிய கேள்வி, ஆளைப் பற்றிய கேள்வி என்று இரண்டு உண்டென்றால், முதல் கேள்வி மட்டுமே கேட்கப்பட்ட ஒரு தருணம் நம் மரபில் இருக்கிறது. முதலாழ்வார்கள் கதை. மூவரில் பூதத்தாழ்வார் இந்தக் கரையின் கடல்மல்லையில், அதாவது மாமல்லபுரத்தில், பிறந்தவர் என்பது மரபு. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. ஒரு வீட்டின் இடைகழியில், ரேழி என்று இப்போது சொல்கிறோமே அங்கே, பொய்கையார் படுத்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம். மறுபடியும் தட்டப்படுகிறது. இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம். யார் நீ என்பது அந்தக் கணக்கில் இல்லை. பிறகு நான்காவதாக ஒருவர் நெருக்குவதை இருட்டில் உணர்ந்தார்கள் என்று கதை போகிறது. பக்தர்களுக்கு நான்காமவர்தான் கதை. எனக்கு அதற்கு முந்தின கணக்கே போதும். படுத்திருந்தவருக்கும் அது சொந்த வீடில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில் வந்துவிட்டவர், அவ்வளவுதான்.

1795இல் நிரந்தர சமாதானத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் கான்ட் ஏறக்குறைய இதே கணக்கைப் போடுகிறார். அந்நியனுக்கு உபசாரம் பெற உரிமையில்லை. ஆனால் வந்த இடத்தில் எதிரியாக நடத்தப்படாதிருக்க உரிமையுண்டு. காரணம் அன்போ தயையோ அல்ல. பூமி உருண்டை, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஆகவே ஒருவரை ஒருவர் சகித்தாக வேண்டும். எந்த இடத்திலும் இருக்க ஒருவனுக்கு மற்றவனைவிட ஆதியில் அதிக உரிமை கிடையாது. பூமியே ஒரு ரேழி என்கிறார், மழை மட்டும் அவர் கணக்கில் இல்லை. இத்துடன் ஒரு நிபந்தனையும் சேர்க்கிறார்: வந்தவனைத் திருப்பியனுப்பலாம், அதனால் அவனுக்கு அழிவு நேராது என்றால்.

இந்த நிபந்தனைதான் என்னைக் கடப்பாக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வந்தவன் நான். நவாபு கையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் பிடிக்கப்பட்டு, 2004இல் சுனாமியும் அடித்துவிட்டுப் போன செங்கல் சுவர்கள். கழிமுகத்தில் இருட்டிவிட்டது. கடற்கரைச் சாலையோரம் ஒரு லாட்ஜில் ஏறிக் கேட்டேன்.

"எத்தனை பேர் சார்?"

"நான் மட்டும்தான்."

"ரூம் இல்லீங்களே."

அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. சிங்கிளா வர்றவங்களுக்குக் குடுக்கறதில்ல. முன்ன ஒருத்தர் அப்படித்தான் வந்தாரு. நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினாரு. காலையில கதவு தட்டினா..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. "ஃபேமிலியா வாங்க சார், ஏசி ரூமே தரேன்."

நான் புதுச்சேரி பஸ் ஏறிவிட்டேன். எனக்கு அழிவு ஒன்றும் நேரவில்லை. ஆனால் இந்த மறுப்பை ஜோகன்னஸ்பர்க் மறுப்போடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. இங்கே வெறுப்பு இல்லை. பயம் இருக்கிறது. போலீஸ் விசாரணை, சீல் வைக்கப்படும் அறை, ஊரில் பரவும் பேச்சு, அந்த அறையைத் திறக்க மறுக்கும் ரூம் பாய் எல்லாம் நிஜம். ரூம் பாய் என்கிறவனும் ஐம்பது வயது ஆளாக இருக்கலாம்; ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறவன்; முதலில் கதவைத் தட்ட நேர்கிறவன் அவன்தான். அவனிடம் போய்க் கான்ட் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. கடற்கரை ஊர்களிலும் மலை ஊர்களிலும் தனியாக வருகிறவனுக்கு அறை தராமலிருப்பது பல லாட்ஜ்களில் சொல்லாமல் நிலவும் விதி. அதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும்.

ஆனால் அந்த விதி யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உயிரோடு இருப்பதா வேண்டாமா என்ற யோசனையில் ஒருவன் மாலை நேரத்தில் தெரியாத ஊருக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மேஜைக்குப் பின்னால் இருப்பவரே அன்று அவனிடம் பேசுகிற கடைசி மனிதராக இருக்கக்கூடும். அவர் சொல்வது, இங்கே இடமில்லை. விதி கட்டடத்தைக் காத்துவிட்டது. அவன் இருட்டில் நடக்கிறான். திருப்பியனுப்பினால் எவனுக்கு அழிவு நேரலாமோ, அவனைத் தடுக்கவே இயற்றப்பட்ட விதி இது. கான்டின் நிபந்தனை தலைகீழாக நிற்கிறது. மற்ற தொண்ணூற்றொன்பது பேரோ, விற்பனைப் பிரதிநிதி, பரீட்சை எழுத வந்தவள், கோட்டை பார்க்க வந்தவன், தனியாக இருப்பதே சந்தேகத்துக்குரிய நிலை என்ற பாடத்தோடு அனுப்பப்படுகிறார்கள். சரபோஜியின் சத்திரம் சாதி கேட்டது. ஆனால் வழிப்போக்கன் சாகக்கூடியவன் என்பதை அது தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது. நம் லாட்ஜ் சாதி கேட்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறது. சாகக்கூடியவனுக்கு மட்டும் இடமில்லை என்கிறது. சாகக்கூடியவன் என்பது எல்லோரையும் குறிக்கும் சொல்.

தனியாக வந்தவன் பயம். இருவராக வந்தால் ஒழுக்கம் வந்து நிற்கிறது. 2019இல் கோயம்புத்தூரில் ஒரு விடுதி, மணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாக்கிச் சீல் வைக்கப்பட்டது. அவர்கள் அப்படித் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபேமிலி என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். குடும்பத்தின் கட்டிலிருந்து ஒரு இரவு வெளியே இருக்க மனிதன் கண்டுபிடித்த இடம் ஹோட்டல். குடும்பத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறது அது.

விடுதிக்காரரின் சுதந்திரம் என்று ஒரு வாதம் மிஞ்சுகிறது: என் கட்டடம், என் இஷ்டம். அமெரிக்காவில் 1964இல் அட்லாண்டாவின் ஒரு மோட்டல் இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோயிற்று. கறுப்பர்களுக்கு அறை தந்தே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது தன்னை அடிமையாக்குவது என்று, அடிமைமுறையை ஒழித்த சட்டத் திருத்தத்தையே உரிமையாளர் துணைக்கு இழுத்தார். நீதிபதிகள் ஏகமனதாகத் தள்ளினார்கள். அறைகள் என்று வெளியே பலகை மாட்டியவன் தன் கட்டடத்தின் ஒரு பகுதி தனிமையை விற்றுவிட்டான் என்பதே என் பதில். வீட்டில் அவன் யாரையும் விடாதிருக்கலாம். பலகை மாட்டிய பிறகு, தெருவில் போகிற எவனோ ஒருவனுக்கு அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

பதிவேட்டில் பெயர் எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. இந்த மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு கூடிச் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. இன்று ஒரு தமிழன் லாட்ஜ் ரிஜிஸ்டரில் தலையெழுத்தும் பெயருமாக எழுதி நிறுத்திக்கொள்ள முடிகிறது. அம்பேத்கர் பொய்ப் பெயரால் பெற வேண்டியிருந்த மறைவின் ஒரு பங்கு நமக்கு மெய்ப் பெயரிலேயே கிடைத்திருக்கிறது. முழுவதும் அல்ல. மதம் பெயரில் தெரிகிறது, ஊர் ஆதார் நகலில் தெரிகிறது. சில பெயர்களுக்கு அறைகள் இன்றும் திடீரென்று நிரம்பிவிடுகின்றன. இதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. அந்தப் பெயருள்ள நண்பர் ஒருவரோடு ஒரு மாலை ஊர் ஊராக அறை தேடிப் பார்த்தால் போதும்.

விருந்தோம்பலை லாட்ஜ்காரரிடம் நான் கேட்கவில்லை. அது வீட்டுக்குரிய சொல், அங்கேயே இருக்கட்டும். அன்பு வேண்டாம், உபசாரம் வேண்டாம், சோப்பு வைக்காவிட்டாலும் பரவாயில்லை. இடம் உண்டா என்ற கேள்விக்கு இடத்தைப் பற்றிய பதில் வேண்டும். பயமாக இருந்தால் வந்தவனை உட்காரவைத்து, சாப்பிட்டாயா, எங்கிருந்து வருகிறாய் என்று இரண்டு வார்த்தை கேட்கட்டும். ஜான்ஸ்டன் கேட்டுப் பார்த்தது போல. அந்தக் கேள்வி ஒரு இனத்தையோ எண்ணிக்கையையோ நோக்கிப் போகாமல் எதிரில் நிற்கும் ஆளை நோக்கிப் போகும். பதிலில் ஏதாவது தட்டுப்பட்டால், அன்று ராத்திரி அவனைத் தனியாக விடாமல் இருக்க வராந்தாவில் இன்னொரு பாய்க்கு இடம் இருக்கும். ஒருவர் படுக்கிற இடம்தானே.